வெள்ளிப் பதக்கமும் ஒரு வணக்கமும்

பத்திரிகையில் படக்குறிப்பு எழுதுவது இலகுவான வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். என்னை நெடுங்காலமாக அலைக்கழிக்கும் படம் ஒன்று உண்டு. 1936 பேர்லின் ஒலிம்பிக்கின் வெற்றிமேடையில் மூன்று வாள்வீச்சு வீராங்கனைகள் நிற்கிறார்கள். வெள்ளிப் பதக்கம் பெற்றவர் வலக்கையை நீட்டி நாஸி வணக்கம் செலுத்துகிறார். அவர் பெயர் ஹெலீன் மேயர். அவருடைய தந்தை ஒரு யூதர்.

ஒஃபென்பாக் நகரில் மருத்துவர் ஒருவரின் மகளாக 1910 இல் பிறந்தவர் மேயர். 1928 அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தமது 17 ஆவது வயதில் தங்கம் வென்றபோது ஜேர்மனியே அவரைக் கொண்டாடியது. 1932 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஐந்தாம் இடமே கிடைத்தது. அதன்பின் கலிபோர்னியாவில் தங்கிக் கல்வியைத் தொடர்ந்தார். 1933 இல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். மேயரை வளர்த்தெடுத்த ஊர்க் கழகமே அவரது உறுப்புரிமையை நீக்கியது.

பேர்லின் போட்டிகளைப் பகிஷ்கரிக்க வேண்டுமென அமெரிக்காவில் குரல் வலுத்தபோது, "யூதர்களை நாம் ஒதுக்கவில்லை" என்று உலகுக்குக் காட்ட நாஸிகளுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. மேயர் அழைக்கப்பட்டார், சென்றார். அதே வேளை, உயரம் பாய்தலில் 1.60 மீற்றர் தாண்டி ஜேர்மன் சாதனையைச் சமன்செய்த யூதப் பெண் கிரேற்றல் பேர்க்மன், அமெரிக்க அணி கப்பலேறிய பின்னர் ஒரு கடிதத்தின் மூலம் நீக்கப்பட்டார். காட்சிக்கு ஒருவர் போதுமாயிருந்தது.

அன்று தங்கம் வென்ற ஹங்கேரியின் இலோனா எலெக்கும் யூத வழி வந்தவர் என்பது வரலாற்றின் குறும்பு.

மேயர் அமெரிக்கா திரும்பினார். 1937 இல் மீண்டும் உலகப் பட்டம் பெற்றார். அமெரிக்கத் தேசியப் பட்டத்தை எட்டு முறை வென்றார். 1952 இல் தாயகம் மீண்டவரைப் புற்றுநோய் மறு ஆண்டே கொண்டுபோனது. வயது 42.

அவர் கை நீட்டிய அந்நாளில் அவருடைய தாயும் சகோதரர்களும் ஜேர்மனியில் இருந்தார்கள். இது அவரது செயலை நியாயப்படுத்திவிடாது. ஆனால், ஆட்சியாளர் மேடையேற்றும் சிறுபான்மையினரைத் 'துரோகி' என்ற ஒற்றைச் சொல்லால் எழுதிக் கடந்தவன் நான். அவர்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று ஒருபோதும் விசாரித்ததில்லை.

இன்று அப்படத்துக்குக் குறிப்பு எழுதச் சொன்னால், மேயரின் வணக்கத்தை மறைக்கமாட்டேன். கழகம் அவரை நீக்கியதையும், பேர்க்மனுக்கு வந்த கடிதத்தையும் சேர்த்தே எழுதுவேன்.