நாலு நிமிஷம் இருபது செகண்ட்

எங்கள் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் நடந்த கூத்து வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகவும், வழிதவறி இந்தப் பக்கம் வந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஐடியா ரொம்ப சிம்பிள். ஒரு சர்வரில் இருந்து லேபில் இருக்கும் 30 கம்ப்யூட்டருக்கும் ஒரே வீடியோவை ஓட்ட வேண்டும். வீடியோ 5 எம்பிபிஎஸ். ஆளுக்கு ஒரு காப்பி அனுப்பினால் 150 எம்பிபிஎஸ். சர்வர் போர்ட்டோ பழைய 100 எம்பிபிஎஸ். அதனால் மல்டிகாஸ்ட். சர்வர் ஒரே காப்பி அனுப்பும், ஸ்விட்ச் அதைப் பிரதி எடுத்து வேண்டியவர்களுக்குக் கொடுக்கும்.

யார் வேண்டியவர் என்று ஸ்விட்சுக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் சிக்கல். சாதாரணமாக ஸ்விட்ச், உள்ளே வரும் ஃபிரேமில் அனுப்புநர் முகவரியைப் பார்த்து "இந்த ஆள் இந்த போர்ட்டில் இருக்கிறார்" என்று குறித்துக்கொள்ளும். மல்டிகாஸ்ட் முகவரி என்பது ஒரு குழுவின் பெயர், அது அனுப்புநராக வரவே வராது. ஸ்விட்ச் எப்படிக் கற்றுக்கொள்ளும்? எல்லா போர்ட்டிலும் கொட்டிவிடும். அதே ஸ்விட்சில் இருந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கும் எங்கள் வீடியோ போய், நன்றாகத் திட்டு வாங்கினோம்.

சரி என்று சர்வரையும் லேபையும் தனி வி-லேனில் போட்டோம் (வில்லன் இல்லீங்க, விர்ச்சுவல் லேன்). ஒரே ஸ்விட்சைக் கத்தி இல்லாமல் இரண்டாக வெட்டுகிற வேலை. வி-லேன் எண்ணுக்கு 12 பிட், 0-வும் 4095-ம் போக 4094 எண்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டே இரண்டு. கூடவே ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கையும் ஆன் செய்தோம். கம்ப்யூட்டர் "நான் இந்தக் குழுவில் சேர்கிறேன்" என்று சொல்வதை ஸ்விட்ச் ஒட்டுக்கேட்டு, அந்த போர்ட்டுக்கு மட்டும் வீடியோவை விடும்.

ரிவ்யூ அன்று ஹெச்ஓடி வந்து உட்கார்ந்தார். வீடியோ அருமையாக ஓடியது. நாலாவது நிமிஷம் தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக 30 ஸ்கிரீனும் உறைந்துவிட்டது. விஎல்சியை மூடித் திறந்தோம், ஓடியது. மறுபடி அதே கதை. ஒரு வாரம் டைம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

கேபிளை மாற்றினோம், விஎல்சியை மறுபடி இன்ஸ்டால் செய்தோம், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம். கடைசியில் ஒருத்தன் மொபைலில் ஸ்டாப்வாட்ச் போட்டான். மூன்று முறையும் நாலு நிமிஷம் இருபது செகண்ட். கேபிள் கோளாறு இப்படி டைம் பார்த்து வராதே!

260 செகண்ட். ஐஜிஎம்பி இரண்டாம் வெர்ஷனின் (1997) டைமர்களில் அந்த எண் அப்படியே இருக்கிறது. 125 செகண்டுக்கு ஒருமுறை "இந்தக் குழு யாருக்கு இன்னும் வேண்டும்?" என்று ஒருவர் கேட்க வேண்டும். இரண்டு சுற்று, கூடவே பதிலுக்கு 10 செகண்ட். அதற்குள் பதில் வராவிட்டால் பெயர் வெட்டப்படும். ஹாஸ்டல் மெஸ் மாதிரிதான். இங்கே கணக்கு எடுக்க ஆளே வரவில்லை, ஆனால் கை தூக்கவில்லை என்று எல்லோர் பெயரையும் அடித்துவிட்டார்கள்.

வழக்கமாக அந்தக் கேள்வியைக் கேட்பது மல்டிகாஸ்ட் ரவுட்டர். எங்கள் புது வி-லேனில் ரவுட்டரே இல்லை. வயர்ஷார்க்கை அரைமணி நேரம் ஓடவிட்டோம், ஒரு க்வெரி கூட வரவில்லை. பட்டியலில் ஆளில்லாத குழுவைச் சில ஸ்விட்சுகள் எல்லா போர்ட்டிலும் கொட்டிவிடும். எங்களுடையது அந்த ரகமாக இருந்திருந்தால் ரிவ்யூ ஜோராக முடிந்திருக்கும், தப்பும் கடைசிவரை தெரிந்திருக்காது. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை :-)

தீர்வு, அந்த வி-லேனில் ஸ்விட்சையே கேள்வி கேட்கச் சொல்வது. க்வெரியர் என்று ஒரு செட்டிங், ஒரு வரி. போட்டுவிட்டு டீ குடிக்கப் போய், ஒரு மணி நேரம் கழித்து வந்தோம். ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ரிவ்யூவில் ஹெச்ஓடி ஒன்றும் பேசவில்லை. அஞ்சாவது நிமிஷம் வரை வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும்தான்.