பக்கத்து நாற்காலி

2002 ஜூலை 1. இரவு பதினொன்றரை. சூரிச் விமானக் கட்டுப்பாட்டு மையத்தில் வானத்தைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அன்றிரவு வேலைக்கு வந்த கட்டுப்பாட்டாளர்கள் இரண்டு பேர். போக்குவரத்து குறைந்ததும் மற்றவர் ஓய்வறைக்குப் போய்விட்டார். அவருடைய நாற்காலி காலி.

அன்றிரவு நடந்தவற்றை நொடி நொடியாகப் பிரித்து, ஜெர்மனியின் விமான விபத்து விசாரணை அமைப்பு 2004 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறையின் மூலையில் பேசாமல் நின்று பார்க்கிறேன்.

இவருக்கு இரண்டு ரேடார் திரைகள், இரண்டு அலைவரிசைகள். ஒரு திரையில் உயரே கடந்துபோகும் விமானங்கள். இன்னொன்றில் ஃபிரீட்ரிச்ஸ்ஹாஃபன் என்ற சிறு விமான நிலையத்துக்குத் தாமதமாக வந்துகொண்டிருக்கும் ஓர் ஏர்பஸ். ஒன்றில் பேசி முடித்து மற்றதற்கு நகர வேண்டும். நகர்ந்தால் முந்தைய திரை கண்ணை விட்டுப் போகும்.

அன்றிரவு பராமரிப்பு வேலை வேறு நடக்கிறது. ரேடார் அமைப்பு மாற்றுமுறையில் ஓடுகிறது. இரண்டு விமானங்கள் நெருங்கினால் திரையில் எச்சரிக்கை காட்டும் வசதி நிறுத்தப்பட்டிருக்கிறது. அது நின்றிருப்பது இவருக்குத் தெரியாது. பக்கத்து நிலையங்களோடு பேசும் நேரடித் தொலைபேசித் தடமும் வேலை செய்யவில்லை.

ஏர்பஸ் வருவதைச் சொல்ல ஃபிரீட்ரிச்ஸ்ஹாஃபனுக்குப் போன் போடுகிறார். போகவில்லை. மாற்றுத் தடத்தில் போடுகிறார். அதிலும் கோளாறு. மறுபடி முயல்கிறார். ரிசீவரைப் பிடித்திருக்கும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒரே ஒரு போன் போயிருந்தால் இவர் அடுத்த திரைக்கு முன்பே திரும்பியிருப்பார்.

அங்கே இரண்டு புள்ளிகள் ஒன்றை நோக்கி ஒன்று வருகின்றன. பெர்கமோவிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போகும் டிஎச்எல் சரக்கு விமானம் ஒன்று. அதில் இரண்டு விமானிகள் மட்டும். இன்னொன்று மாஸ்கோவிலிருந்து பார்சிலோனா போகும் பாஷ்கிரியன் ஏர்லைன்ஸின் டுபோலெவ்; அதில் 69 பேர். பெரும்பாலோர் ரஷ்யாவின் ஊஃபா நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள், கோடை விடுமுறைக்குக் கிளம்பியவர்கள். பிடிக்க வேண்டிய விமானத்தை மாஸ்கோவில் தவறவிட்டதால், இதில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள். இரண்டு விமானங்களும் ஒரே உயரம், 36,000 அடி.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ மையத்தில் இதை ஒருவர் பார்த்துவிட்டார். அவருடைய திரையில் எச்சரிக்கை வேலை செய்தது. மோதலுக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. சூரிச்சைத் திரும்பத் திரும்ப அழைக்கிறார். அதே செத்துப்போன தொலைபேசித் தடம். அவர் அழைப்பது இந்த அறையில் யாருக்கும் கேட்கவில்லை.

மோதலுக்கு 43 நொடி முன்பு சூரிச்சில் இவர் கவனிக்கிறார். டுபோலெவைக் கீழே இறங்கச் சொல்கிறார். ஏழு நொடி கழித்து அந்த விமானத்துக்குள் இருந்த மோதல் தடுப்புக் கருவி, மேலே ஏறு என்று உத்தரவிடுகிறது. சரக்கு விமானத்தின் கருவியோ, கீழே இறங்கு என்கிறது. கருவிகள் இரண்டும் தமக்குள் பேசிச் சரியாகத்தான் முடிவெடுத்தன. டுபோலெவின் விமானிகள் மனிதக் குரலை நம்பினார்கள். துணை விமானி, கருவி ஏறச் சொல்கிறதே என்று கேட்டும் இறங்கினார்கள். இவர் இன்னொரு முறையும் இறங்கச் சொன்னார். எதிர் விமானம் வலப்பக்கம் இருப்பதாகவும் சொன்னார். அது இடப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

தவறு நடந்தது. தாமதம் இவருடையது, பக்கம் மாறிச் சொன்னதும் இவர்தான். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

ஆனால் அவர் எதிலிருந்து எதற்கு ஓடிக்கொண்டிருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். டுபோலெவ் இறங்கத் தொடங்கியதும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து ஏர்பஸ் பக்கம் திரும்பினார். கருவியின் சொற்படி இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்று சரக்கு விமானம் சொன்னபோது, அதைக் கேட்க அங்கே இன்னொரு காது இல்லை. மோதலுக்கு 32 நொடி முன்பு ஓர் எச்சரிக்கை மணி அந்த அறையிலேயே அடித்தது. அதுவும் யார் காதிலும் விழவில்லை. பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்திருந்தால் ஒருவர் போனைப் பார்க்க, மற்றவர் திரையைப் பார்த்திருப்பார்.

சுமார் 34,900 அடி உயரத்தில், ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்களும் மோதின. 71 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சிதறி விழுந்தவற்றுக்கிடையே ஒரு சிறுமியின் அறுந்த முத்துமாலை கிடைத்தது. இன்று அந்த ஊரின் நினைவிடத்தில், அறுந்து சிதறிய மாலையைப் போலப் பெரிய உலோக உருண்டைகள் கிடக்கின்றன.

இரவில் ஒருவரே எல்லாத் திரைகளையும் பார்ப்பது அன்றைக்கு மட்டும் நடந்ததல்ல. இந்த மையத்தை நடத்திய ஸ்கைகைட் நிறுவனத்தில் பல வருடங்களாக இதுதான் வழக்கமாக இருந்தது. நிர்வாகத்துக்குத் தெரிந்தே நடந்தது, யாரும் தடுக்கவில்லை என்கிறது அறிக்கை. இந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நைட் ஷிஃப்ட் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்த கதை. ஒன்றும் நடக்காத நூறு இரவுகள் போனால், நூற்றோராவது இரவுக்கும் ஒருவர் போதும் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆள் குறைத்த மிச்சம் கணக்கில் ஏறுகிறது. அந்தச் சுமை ஒருவருடைய கண்ணிலும் காதிலும் ஏறுவதை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

2003 நவம்பரில் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு விதியைத் தெளிவாக்கியது: கருவி ஒன்று சொல்லி, கட்டுப்பாட்டாளர் வேறு சொன்னால், விமானி கருவியைத்தான் கேட்க வேண்டும்.

அன்றிரவு திரைக்கு முன் தனியாக உட்கார்ந்திருந்தவருக்கு அந்த விதியால் ஒன்றும் ஆகவில்லை. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அந்த விபத்தில் பறிகொடுத்த ஒருவர், 2004 பிப்ரவரி 24 அன்று அவருடைய வீடு தேடி வந்தார். சூரிச்சுக்கு அருகே க்ளோட்டனில், தன் வீட்டு வாசலில், அவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்.

வழக்கு பிறகு நடந்தது. 2007 செப்டம்பரில் ஸ்விஸ் நீதிமன்றம் ஸ்கைகைட் நிர்வாகிகள் நான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. மூவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை, ஒருவருக்கு அபராதம். அந்தத் தீர்ப்பு வந்தபோது, எல்லோரும் விரல் நீட்டிய அந்த மனிதர் இறந்து மூன்றரை வருடம் ஆகியிருந்தது.