பால் வடியாத செடி

என் கையால் செத்த கள்ளிகள் மொத்தம் ஏழு. கடைசியாகப் போனது பந்து மாதிரி உருண்டையான ஒன்று. வெளியில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் தொட்டுப் பார்த்தேன். பழுத்த பப்பாளியில் இறங்குவது போல விரல் உள்ளே இறங்கியது. தொட்டியைக் கவிழ்த்தால் வேரே இல்லை, கறுத்த கூழ்தான் இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவைதானே தண்ணீர் ஊற்றினேன் என்று நண்பரிடம் புலம்பியபோது, "தண்ணிய விடுங்க, மண்ணு என்னா போட்டீங்க?" என்றார். பையில் 'பூச்செடி மண்' என்று எழுதியிருந்தது, அதைத்தான் போட்டிருந்தேன். "அப்ப புக்கிட் ரோத்தான் பக்கம் ஓர் அக்கா இருக்காங்க, போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்.

சுங்கை பூலோ வழியாகத்தான் போனேன். சாலையோரம் நெடுகச் செடிக் கடைகள். 1930-இல் அங்கே திறந்த தொழுநோய்க் குடியிருப்பில் குணமானவர்கள், வெளியே யாரும் வேலை தராத காலத்தில் பூச்செடி வளர்த்துப் பிழைத்தார்கள். கோலாலம்பூர்க்காரர்கள் இன்றைக்கும் செடி வாங்க அந்தப் பக்கம்தான் போகிறார்கள். இஜோக் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனைதான். ஒரு காலத்தில் இதெல்லாம் பால்மரக் காடு.

அக்காவுக்கு வயது அறுபத்திரண்டு. பதினைந்து வயதில் பால்வெட்டுக்குப் போனவர். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டதும் கத்திக்கு வேலை இல்லாமல் போனது. அவர் வீட்டு அண்ணன் எண்ணெய் ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தை ஒட்டிய சின்ன வீடு. பின்புறம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூரை. நான்கு பக்கமும் சுவரே இல்லை. அதன் கீழே பலகைத் தட்டுகளில் வரிசை வரிசையாகக் கள்ளித் தொட்டிகள்.

"இருவத்தஞ்சு வருசம் பால் வெட்டினவ. இப்ப பாருங்க தம்பி, பாலே வடியாத செடியா வச்சிருக்கேன்" என்று சிரித்தார்.

பேச்சுக்குச் சொன்னாலும் தாவரவியலும் கிட்டத்தட்ட அதுதான். தமிழில் நாம் கள்ளி என்று கூப்பிடும் திருகுகள்ளி, சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி எல்லாம் கீறினால் பால் வடிப்பவை, வேறு குடும்பம். காக்டஸ் குடும்பத்தில் பெரும்பாலானவற்றில் பால் கிடையாது. சப்பாத்திக்கள்ளி அந்தக் குடும்பம்தான், ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஊர் வேலியில் ஒட்டிக்கொண்டது. டிராகன் பழக் கொடியும் காக்டஸ்தான். அது அக்காவுக்கு மிக முக்கியமான செடி, பிறகு வருகிறேன்.

கள்ளிக்கு இந்த ஊர் ஒத்துவராத ஊர். மெக்சிகோவின் சிவாவா பாலைவனத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 250 மில்லிமீட்டர் மழைதான். கோலசிலாங்கூரில் 2,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. மழையைக் கூரை போட்டுத் தடுக்கலாம், காற்றின் ஈரத்தை எதைப் போட்டுத் தடுப்பது? இன்னொரு சிக்கலும் உண்டு. கள்ளி பகலில் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு இரவின் குளிர்ச்சியில்தான் திறக்கும். இங்கே இரவும் 23, 24 டிகிரிக்குக் கீழே அரிதாகத்தான் இறங்கும். குளிருக்குக் காத்திருக்கும் செடிக்குக் குளிரே வருவதில்லை. அதனால் மெதுவாக வளரும், தண்ணீரை மெதுவாகக் குடிக்கும். மண்ணில் மிச்சம் நிற்கும் தண்ணீர் வேரை அழுக வைக்கும்.

"மண்ணு சோறு போடணும்னு நெனைக்கிறாங்க. இங்க மண்ணோட வேலை தண்ணிய வெளிய தள்றது" என்றார் அக்கா.

அவருடைய கலவையில் மண் என்று ஒன்று அறவே இல்லை. நான்கு பங்கு கிளிங்கர், இரண்டு பங்கு பருமணல், இரண்டு பங்கு கருக்கிய உமி, ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள். நான்கும் வட சிலாங்கூரிலேயே கிடைப்பவை. அதில் பாதி, மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்குவது.

கிளிங்கர் அண்ணனின் இலாகா. ஆலைக் கொதிகலனில் செம்பனை நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்தபின் அடியில் உருகி இறுகிக் கிடக்கும் கட்டி அது. உடைத்தால் உள்ளே கடற்பஞ்சு போல ஓட்டைகள். தோட்டச் சாலையில் பள்ளம் விழுந்தால் இதைக் கொட்டித்தான் நிரப்புவார்கள். அண்ணன் அதைச் சுத்தியலால் தட்டி, மொச்சைக் கொட்டை அளவுக்கு மேல் போனதை மறுபடியும் தட்டுகிறார். சாம்பல் காரம் போக மூன்று தண்ணீரில் அலசி, மழையில் ஒரு மாதம் போட்டுவிடுகிறார். இந்த வட்டாரத்தில் கிளிங்கருக்குப் பஞ்சமே வராது. மலாயாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்டது 1917-இல், இங்கிருந்து அதிக தூரமில்லாத தென்னமரம் தோட்டத்தில்தான். பெயரில் தென்னை, வரலாற்றில் செம்பனை. நட்ட ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், பிறகு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசும் வாங்கினார். செம்பனையும் முதலில் இந்த நாட்டுக்கு அழகுச் செடியாகத்தான் வந்தது என்று சொன்னேன். அண்ணன் அதை அவ்வளவாக ரசிக்கவில்லை.

மணல், பெஸ்தாரி ஜெயா பக்கத்துப் பழைய ஈய லம்பத்து மணல். பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் அக்காவுக்கு ஊர் புரிகிறது. சல்லடையில் சலித்து, கீழே விழுவதைக் கொட்டிவிட்டு மேலே நிற்பதை எடுத்துக்கொள்கிறார். மாவு சலிப்பதற்கு நேர் எதிர். பொடிமணல் கலவைக்குள் போனால் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் நின்றுவிடும்.

உமி, தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல் ஆலைகளிலிருந்து வருவது. அதைக் கருக்குவதை நான் இருந்து பார்த்தேன். துளை போட்ட தகரக் குழாயை நிறுத்தி, உள்ளே தீ மூட்டி, சுற்றிலும் உமியைக் குவிக்கிறார்கள். தீ வெளியே தெரியாது. குழாயை ஒட்டி ஒரு கறுப்பு வட்டம் தோன்றி மெல்ல மெல்ல வெளியே பரவும். அக்கா மண்வெட்டியோடு சுற்றி வந்து மஞ்சளாக இருக்கும் உமியை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார். பேச்சுக் கொடுத்தேன், பதில் வரவில்லை. முழுக்கக் கறுத்த நொடியில் வாளித் தண்ணீரை வீசினார். "அஞ்சு நிமிசம் விட்டா வெளுத்துரும் தம்பி. கறுப்பு கரி, வெள்ளை சாம்பல். சாம்பலு மண்ண அடைச்சுக்கும்." ஒவ்வொரு உமியும் வடிவம் கெடாமல் குட்டிப் படகு மாதிரி கறுப்பாகக் கிடந்தது.

ராஜா மூசா காட்டுப் பக்கத்துக் கறுப்புக் கரிமண்ணைச் சேர்க்கலாமே என்று கேட்டேன். அடித்துச் சொன்னார், கூடாது என்று. ஈரமானால் விடாது, ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளேயே விடாது. தொட்டியின் அடியில் கல் போட்டால் நீர் வடியும் என்று நாம் எல்லாரும் நம்புகிறோமே, அதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சோதித்தும் காட்டினார். கலவைக்கும் கல்லுக்கும் நடுவே ஈரம் தேங்கி நிற்கிறது. தொட்டியின் அடி மேலே ஏறிவந்த மாதிரிதான். நான் இத்தனை வருடம் கல் பொறுக்கியது வீண்.

இனி டிராகன் பழக் கொடி. சிவப்பு, மஞ்சள் நிறத்தில் தலை வைத்த குட்டிக் கள்ளிகளைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தலையில் பச்சையம் இல்லை. தன் சோற்றைத் தானே ஆக்கத் தெரியாது. மழைக்கு அஞ்சாத டிராகன் கொடியின் மேல் உட்கார்ந்தால்தான் உயிர். அக்கா முக்கோணத் தண்டைச் சாண் உயரத்தில் ஒரே இழுப்பில் அறுத்தார். மூன்று முனைகளையும் சரித்துச் சீவினார். சீவாவிட்டால் காயும்போது நடுப்பகுதி குழிந்து தலையைத் தள்ளிவிடுமாம். வெட்டிய முகத்தின் நடுவே ஒரு சின்ன வளையம் தெரிந்தது. தலையின் அடியிலும் அதே போல ஒன்று. இரண்டும் ஓரிடத்திலாவது தொட வேண்டும். வைத்து, லேசாகத் திருகி, காற்றை வெளியேற்றி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பால்மரத்தில் பட்டையை மட்டும் சீவ வேண்டும், உள்மரத்தில் கத்தி பட்டால் மண்டோர் அபராதம் போடுவார். அந்தக் கணக்கு இன்னும் விரலில் இருக்கிறது.

கட்டுவதும் ரப்பரால்தான் என்று சொன்னேன். "அது மட்டும் விடல பாத்தீங்களா" என்றார்.

சனிக்கிழமை பசார் மாலாமில் கடை போடுகிறார்கள். திருஷ்டிக்கு என்று தமிழர்கள் வாங்குவார்கள், பெருநாளுக்குச் சீனர்கள் வாங்குவார்கள். ஒட்டுக்கள்ளி எட்டு வெள்ளி. அதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. கலவை ஒரு பை ஐந்து வெள்ளி என்றால்தான், "மண்ணுக்குப் போயா அஞ்சு வெள்ளி?" என்று கேட்டு மூன்றுக்கு இறங்குகிறார்கள். செடியை மட்டும் வாங்கிப் போனவர்கள் இரண்டு மாதத்தில் இன்னொரு செடிக்கு வருவார்கள் என்று அண்ணன் சொன்னார். அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

எட்டாவது கள்ளி என் ஜன்னலில் ஏழு மாதமாக இருக்கிறது. நீங்களும் நடுவதானால், கலவையைத் தொட்டியில் நிரப்பி ஒரு குவளை தண்ணீர் ஊற்றி எண்ணுங்கள். ஐந்து எண்ணுவதற்குள் அடியில் ஒழுக ஆரம்பித்தால் சரி. அந்தப் பக்கம் போனால், தட்டி, அலசி, சலித்து, கருக்கிக் கொடுக்கும் அந்தப் பைக்கு ஐந்து வெள்ளியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.