முகங் காணா வகுப்பு

வகுப்பில் நின்று பாடஞ் சொல்லும் ஆசிரியனுக்கு ஒரு பெருந்துணை உண்டு. அது மாணவர் முகம். விளங்கவில்லையெனில் முகமே சொல்லிவிடும். உறக்கம் வருகின்றதெனில் அதனையும் சொல்லிவிடும். இருபதாண்டுகள் அத்துணையை நம்பியே சரித்திர பாடம் நடத்திவந்த யான், 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்து நம் கல்லூரிக் கதவுகள் சாத்தப்பட்டபோது, காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் என் இல்லத்துத் திண்ணையையொட்டிய சிற்றறையில் ஒரு கணினியின் முன் தனியே அமர்த்தப்பட்டேன். எதிரே முகம் ஒன்றும் இல்லை. தெருவில் எப்போதும் கேட்கும் தறியோசையும் அந்நாட்களில் பெரிதும் அடங்கியிருந்தது.

கல்லூரியார் எம் கையில் அளித்த கருவி மூடில் என்னும் கற்றல் மேலாண்மை மென்பொருள். இதனை ஆக்கியவர் மார்ட்டின் டூகியாமஸ் என்னும் ஆஸ்திரேலியர். முதற்பதிப்பு 2002-ல் வெளிவந்தது. இவர் இளமையில் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில், நகரத்திற்கு நெடுந்தொலைவில் வளர்ந்து, வானொலி வழியே பள்ளிப்பாடங் கேட்டவர். ஆசிரியனைக் காணாது படித்த பிள்ளையொருவர் பிற்காலத்தில் அமைத்த பள்ளிக்கூடம் இஃது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாயிருந்தது. பெயரைக் கேட்டு, எதனையோ மூடிவைக்கும் கருவி இது என்று அன்பர்கள் எண்ணற்க; என் கையில் அது அவ்வாறே ஆயிற்று என்பதைத்தான் ஈண்டுச் சொல்லப்போகின்றேன்.

யான் எடுத்துக்கொண்ட பாடம் பல்லவர் காலத்துக் காஞ்சி. பொருளுக்குப் பஞ்சமில்லை. இராசசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலும், பல்லவர் வரலாற்றையே சுவரிற் சிற்பமாகக் காட்டும் வைகுந்தப்பெருமாள் கோயிலும் என் வீட்டிலிருந்து நடந்து செல்லுந் தொலைவில் உள்ளன. கல்வி கற்க மயூரசர்மன் தன் குருவுடன் காஞ்சிக் கடிகைக்கு வந்ததையும், இங்குப் பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு பூசல் விளைந்து, ஓலையை விட்டு வாளை ஏந்திக் கதம்பர் அரசை நிறுவியதையும் தாளகுண்டாக் கல்வெட்டுக் கூறுகின்றது. (படிக்க வந்தவனைச் சினமூட்டினால் என்ன நேருமென்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.) இவற்றையெல்லாம் ஒரே மூச்சிற் பேசி, 52 நிமிஷ ஒளிப்பதிவாக்கி ஏற்றினேன். அதன்கீழ் 40 பக்கக் கட்டுரையொன்று. அதன்கீழ் பத்து வினாக்கள், கால எல்லை 15 நிமிஷம், இரவு 9 மணிக்குக் கதவடைப்பு, ஒருமுறையே எழுதலாம்.

இவ்வளவோடு நின்றேனல்லேன். முன்பகுதியை முடித்தாலன்றிப் பின்பகுதி திறவாதபடி தடை விதிக்கும் வசதியொன்று மூடிலில் உண்டு. அதனைக் கண்ட மகிழ்ச்சியிற் பகுதிதோறும் பூட்டு வைத்தேன். யார் எப்பொழுது உள்ளே வந்தார், எதனைத் திறந்தார் என்று காட்டும் வருகைக் குறிப்பும் அதில் உண்டு. முகம் போயிற்றெனினும் குறிப்பு இருக்கின்றதே என்று தேறினேன்.

அக்குறிப்பில் ஒரு மாணவன் பெயர் என் கண்ணை உறுத்தியது. ஒளிப்பதிவை ஆறுமுறை திறந்திருந்தான், ஒருமுறையும் முடித்தானில்லை. வினாப்பகுதிக்கு வந்தது இரவு 11 மணிக்கு மேல், கதவு அடைத்திருந்தது. மூன்று வாரம் இவ்வாறே நடந்தது. சோம்பலென முடிவுகட்டி, கடுஞ்சொற்கள் கலந்து ஒரு மடல் விடுத்தேன். விடை நான்கு நாள் கழித்து வந்தது, நான்கே வரி. கலியாணங்கள் தள்ளிப்போனமையால் தகப்பனாருக்குப் பட்டு வேலை இல்லை. தான் விடியலிற் காய்கறிக் கடைக்கு மூட்டை தூக்கப் போகின்றான். வீட்டிலுள்ள கைப்பேசி ஒன்றே. தங்கையர் இருவர் பாடம் முடிந்தபின் இரவு பத்து மணிக்குத் தன் கைக்கு வரும். அதற்குள் அன்றைய இணைய அளவு தீர்ந்துவிடுகின்றது. "மன்னிக்கவும் ஐயா" என்று முடித்திருந்தான். அவன் வீடு என் வீட்டிற்கு இரண்டு தெரு அப்பால். வருகைக் குறிப்பு இவற்றுள் ஒன்றையும் எனக்குச் சொல்லவில்லை; யானும் கேட்கவில்லை.

அன்றிரவே முதல் வேலையாக அவன்பொருட்டுக் கால எல்லையைத் தளர்த்தினேன். ஒரு மாணவனுக்கு மட்டும் விலக்களிக்கும் வசதி மூடிலில் முதலிலிருந்தே இருந்தது, என் கண்ணிற் படவில்லை. பின்னர், இவ்வண்ணம் எத்தனைபேர் எழுதாதிருப்பர் என்னும் எண்ணம் வந்து, விலக்கை விதியாக்குவதே முறையென்று பாடம் முழுவதையும் பிரித்தேன்.

தமிழில் இணையவழிப் பாடம் புதிதன்று. நம் மாநில அரசு 2001-லேயே தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிற்று. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குவது அதுவே. அதன் பாடங்களைப் பொறுமையாகப் பார்த்தேன். ஒவ்வொன்றின் முகப்பிலும் இப்பாடம் யாது கூறும், படித்தலாற் பெறும் பயன் யாது என்று முன்னரே சொல்லிவிடுகின்றனர். இடையிடையே மாணவன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வினாக்கள். மாணவன் தனியே இருக்கின்றான் என்பதை மறவாத கை அதனை எழுதியிருந்தது.

என் 52 நிமிஷம் ஒன்பது துண்டுகளாயிற்று. காணொளி இயலாதார்க்குக் குரல் மட்டும் சிறு கோப்பாக வைத்தேன். மூட்டை தூக்குவோனும் காதிற் கேட்கலாம். 40 பக்கம் 12 ஆயிற்று. நீக்கிய 28-ஐ இதுவரை ஒருவரும் கேட்டிலர். வினாக்கள் ஒரு வாரம் திறந்திருக்கும், மும்முறை எழுதலாம், தவறான விடைக்குக் கீழே, ஏன் தவறு, எப்பகுதியை மறுபடி பார்க்கவேண்டும் என்று எழுதினேன். இவ்வேலையே அதிக நாட் பிடித்தது. தவறான விடையொன்றை எழுதும்போது, இதனை ஒருவன் ஏன் சரியென்று எண்ணுவான் என்று யோசிக்க வேண்டியிருந்தது. அவ்யோசனையில், தொலைந்துபோன முகங்கள் சிறிது திரும்பி வந்தன. பூட்டுகளுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அது பாடத்தின் முதற்பக்கத்தைப் படித்தேன் என்று குறித்தாற் போதும், திறக்கும்.

கடைசிப் பகுதியில் வினாவுக்குப் பதில் ஒரு வேலை வைத்தேன்: தம் ஊர்த் தொழிலொன்றை வீட்டு முதியோர் ஒருவரிடம் கேட்டு, மூன்று நிமிஷ ஒலிப்பதிவாக ஏற்றுக. காட்டாக, கோர்வைப் பட்டைப் பற்றி யானே ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஆசிரியன் மகனாகிய யான் தறியைத் தெருவிலிருந்து பார்த்தவன்.

அம்மாணவன் தன் தந்தையாரைப் பேசவைத்து ஏற்றியிருந்தான். அவர் தொடக்கத்திலேயே, "சார் எழுதினது முக்காலும் சரி. ஆனா எங்க தறியில ஓராள் மட்டும் உட்கார்ந்து கோர்வை போட முடியாது" என்றார். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் இரண்டு நாடா. நெய்பவர் இரண்டை எறிய, மூன்றாவதை எறியப் பக்கத்தில் ஓராள் வேண்டும். கரை நூலும் உடல் நூலும் எறிக்கு எறி கொக்கிபோற் பிணைய வேண்டும். அவ்வாள் எழுந்து போய்விட்டாற் சேலை நின்றுவிடும் என்று விளக்கினார். கலந்துரையாடற் பகுதியில் மாணவர் பதினெழுவர் அவரிடம் வினாக் கேட்டனர். மகன் தட்டெழுத, அவர் ஒவ்வொன்றிற்கும் விடை சொன்னார். என்னிடம் அத்தனைபேர் ஒருநாளும் வினாக் கேட்டதில்லை.

என் பத்தியைத் திருத்தினேன். அவ்வொலிப்பதிவு மாணவன் இசைவுடன் இன்றும் அப்பாடத்தில் உளது. யான் கேட்டது மூன்று நிமிஷம். அவர் பேசியது பதினொன்று. துண்டாக்கவில்லை.