ஆனைமலைக்கு, அடிவாரத்திலிருந்து ஒரு கடன்காரன்

அன்புள்ள ஆனைமலையே,

கேரளத்தின் கிழக்கோரக் கோபாலபுரத்துத் தென்னந்தோப்பிலிருந்து எழுதுகிறேன். உன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் உன் உயரத்தைத்தான் சொல்வார்கள். உன் ஆனைமுடி 2,695 மீட்டர், இமயத்துக்குத் தெற்கே அதை மிஞ்ச ஒரு சிகரமில்லை என்பார்கள். சொல்லட்டும். நான் நன்றி சொல்ல வந்தது, நீ தேய்ந்துகொண்டே இருப்பதற்காக. உன்னிடமிருந்து உதிர்ந்ததை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது.

ஆனைமலையே, முதல் கடன் மண்ணுக்கு. இமயம் எழத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. உன் சார்னோகைட், நைஸ் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகி 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வெயிலும் மழையும் உன்னைக் கரைக்காத நாளில்லை. மழை விட்ட மறுநாள் ஓடையோரம் ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் பரப்பினால் போதும், நீ தெரிவாய்: மங்கிய வெள்ளையில் வெங்கச்சங்கல் பொடி, நடுவே மினுங்கும் காக்காப்பொன், விரலை விடாத செவ்வண்டல். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது எங்கள் சித்தூர் வட்டாரத்தில்தான். அதுவும் உன் இனத்துப் பாறை மக்கியதே. கோடையில் விரல் நுழையும்படி வெடிக்கும். மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த மண்ணில் கடலையும் பருத்தியும் போட்டுத்தான் என் பாட்டன் பெண்மக்களைக் கரையேற்றினார்.

ஆனைமலையே, அடுத்த கடன் தண்ணீருக்கு. தென்மேற்குப் பருவமழை எங்கள் கிழக்கோரத்துக்கு வந்து சேர்வதற்குள் பாதி தீர்ந்துவிடும். ஆனால் உன் சோலைக்காடும் புல்வெளியும் அதைப் பிடித்துவைத்து, மழை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. ஆழியாறாக இறங்குகிறாய், மணக்கடவு தாண்டியதும் சித்தூர்ப் புழையாகிப் பாரதப்புழையில் சேருகிறாய். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்காகத் தமிழ்நாடும் கேரளமும் 1970-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவில் கேரளத்துக்கு வரவேண்டும். குறைந்தால் போராட்டம், பேச்சுவார்த்தை. மூலத்தறைத் தடுப்பணைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று காதில் விழுந்தால் டீக்கடைப் பேச்சின் தொனியே மாறிவிடும். பங்கு பிரிக்கிறவர்கள் பெயரெல்லாம் கோப்பில் இருக்கிறது. கொடுத்த உன் பெயரை இங்கே நான் எழுதிவைக்கிறேன்.

ஆனைமலையே, நீ இல்லாமல் போன இடத்துக்கும் கடன்பட்டிருக்கிறேன். உனக்கும் நீலகிரிக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் மலைத்தொடர் அறுந்து கிடக்கிறது. பூமியின் பலவீனமான ஒரு கோட்டில் பாறை நொறுங்கி, ஆறுகள் அரித்த இடம் என்கிறார்கள் நிலவியலாளர்கள். எங்களுக்கு அது பாலக்காட்டுக் கணவாய். பழங்காலத்தில் கொடுமணலுக்கும் முசிறித் துறைமுகத்துக்கும் வணிகர்கள் போய்வந்த வழி. பொள்ளாச்சியில் ரோமானியக் காசுகள் கிடைத்ததும் இந்த வழியின் புண்ணியம்தான். 1862-ல் ரயிலும் இதே வழியாகத்தான் வந்தது. ஆடியில் மேற்கேயிருந்து சாரலோடு வரும் காற்றும், மார்கழித் திருவாதிரையை ஒட்டிக் கிழக்கேயிருந்து உதடு வெடிக்க வீசும் காற்றும் எங்கள் தோப்பைக் கேட்டுக்கொண்டா நுழைகின்றன? வீட்டில் தமிழும் தாலுகா ஆபீஸில் மலையாளமும் பேசுகிற எங்களைப் போன்றவர்கள் இங்கே உண்டானதும் நீ வழிவிட்டதால்தான்.

ஆனைமலையே, உன்மேல் எனக்கு வருத்தமும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, அடைமழையில் இடுக்கியின் பெட்டிமுடியில் உன் சரிவு பெயர்ந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின, பெரும்பாலோர் தமிழர். அந்தக் குடும்பங்களின் முன்னால் நின்று உன்னைப் புகழ எனக்கு நா எழாது. ஆனால் எங்கள் கணக்கையும் மறைக்க முடியாது. வெட்டிய தேக்கைச் சரிவில் உருட்டிவிட்ட இடத்துக்கு டாப்ஸ்லிப் என்று பெயரே வைத்தோம். மொட்டையான சரிவில் மறுபடி தேக்கை வளர்த்த வன அதிகாரி ஹியூகோ வுட் 1933-ல் இறந்தபோது அங்கேயே அடக்கமானார். அப்படியும் சிலர் இருந்தார்கள். பாரதப்புழையில் காலங்காலமாக நீ சேர்த்த மணலையோ ஒரே தலைமுறையில் லாரியேற்றிவிட்டோம். நீ உதிர்க்கும் வேகம் வேறு, நாங்கள் வாரும் வேகம் வேறு.

ஆனைமலையே, இத்தனைக்கும் நான் திருப்பிச் செய்வது சின்ன வேலைதான். நீ அனுப்பிய மண் என் தோப்பைத் தாண்டிப் பொன்னானிக் கடலுக்குப் போய்விடாமல் நிறுத்தப் பார்க்கிறேன். சரிவுக்குக் குறுக்கே வரப்பை உயர்த்தி வெட்டிவேர் வைத்திருக்கிறேன். தென்னைக்கு நடுவே உழவைக் குறைத்து, மட்டையையும் மஞ்சியையும் மூடாக்காகப் போடுகிறேன். என் கைக்கு வந்த மேல்மண்ணைக் குறையாமல் பேரன் கையில் கொடுத்துவிட்டால் வட்டியாவது கட்டியதாக இருக்கும். அசலைத் தீர்க்க எங்கள் வம்சத்தால் ஆகாது. உன்னிடம் கடன்காரனாக இருப்பதில் எனக்கொன்றும் குறைச்சல் இல்லை.

உன் மண்ணில் பிழைக்கும்,
கோபாலபுரத்துத் தென்னை விவசாயி