எந்த ஊர்?

பிறந்த மண்ணைப் பிரிந்தோர் அந்நிய நகரங்களில் முதலில் தேடிக்கொள்வன எவை என ஆராயின், வழிபாட்டிடமும் ஊருணவும் முன்னிற்கக் காணலாம். அயர்லாந்து நாட்டவரைப் பொறுத்தவரை இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். ஞாயிறு பிற்பகலில் தம்முடைய ஆட்டத்தைத் திரையிலே காட்டும் மதுச்சாலையே அது. முன்னைய இரண்டையும் கண்டடைதல் எளிது. மூன்றாவது அத்துணை எளிதன்று.

2012ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. வடமேற்கு லண்டனின் கில்பேர்ண் பகுதியில், வாடகை அறையொன்றிலிருந்து இளைஞன் ஒருவன் பிற்பகல் இரண்டு மணியளவில் வீதிக்கு இறங்கினான். அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள மேயோ மாவட்டத்தவன். 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் வேலை தேடிக் கடல் கடந்த பல்லாயிரவருள் ஒருவன். கட்டட வேலைத்தலங்களில் ஆறு நாளும் உழைப்பவன். மேற்சட்டையின் உள்ளே பச்சையும் சிவப்பும் கலந்த மேயோ அணியின் சட்டையை அணிந்திருந்தான். அன்று பிற்பகல் 3.30 மணிக்கு டப்ளின் நகரின் குறோக் பார்க் அரங்கிலே, அகில அயர்லாந்து கேலிக் உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில் மேயோ அணி டொனிகோல் அணியைச் சந்திக்கவிருந்தது. மேயோ அக்கிண்ணத்தை இறுதியாக வென்றது 1951இல். அதன் பின்னர் 1989, 1996, 1997, 2004, 2006 ஆகிய ஆண்டுகளில் இறுதிவரை வந்து தோற்றது. அவன் பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்த கதை இதுவே.

கேலிக் ஆட்டங்களின் இயல்பை அறியாதார்க்கு இத்தவிப்பு மிகையாகத் தோன்றக்கூடும். கேலிக் உதைபந்தாட்டத்தில் பந்தைக் கையாலும் ஏந்தலாம், காலாலும் உதைக்கலாம். ஹேர்லிங் ஆட்டத்தில் ஆஷ் மரத்து மட்டையால் சிறு பந்தை அடித்தாடுவர். இரண்டிலும் பக்கத்துக்கு 15 பேர். 2012இன் விதிப்படி குறுக்குச் சட்டத்துக்கு மேலாகச் சென்றால் ஒரு புள்ளியாக இருந்தது. கீழே வலைக்குள் சென்றால் கோல். அது மூன்று புள்ளிக்குச் சமம். ஆயின் விதிகளைவிட முக்கியமானது ஆடுவோரின் நிலை. அவர்கள் சம்பளம் பெறுவதில்லை. பெருங்கழகங்கள் அவர்களை விலைக்கு வாங்குவதுமில்லை. ஆசிரியனும் கமக்காரனும் மாணவனும் தத்தம் வேலை முடிந்தபின் பயிற்சி பெற்று, பெரும்பாலும் தாம் பிறந்து வளர்ந்த மாவட்டத்துக்காகவே ஆடுகின்றனர். எனவே திரையில் ஓடுபவன் பார்ப்பவனுக்கு அந்நியனல்லன். பள்ளியிலே ஒரு வகுப்பு முன்னே படித்தவனாகவோ, அயற்கிராமத்துப் பால்பண்ணைக்காரரின் மகனாகவோ இருப்பான். அவ்வாட்டத்தைக் காண்பது ஊரைக் காண்பதற்கு ஒப்பாகும்.

இனி, மதுச்சாலை. ‘பப்’ என அவர்கள் வழங்கும் இடத்தைத் தவறணை என்ற சொல் இங்கு தரும் பொருளோடு ஒன்றாக எண்ணிவிடலாகாது. அது வேலைச் செய்தி கிடைக்கும் இடம். மரணச் செய்தி வந்துசேரும் இடம். வீட்டுத் திண்ணையும் சந்திக்கடை வாங்கும் சேர்ந்தவோர் இடம். ஜேம்ஸ் ஜோய்ஸ் தமது ‘யுலிசிஸ்’ நாவலில் ஐரிஷ் விளையாட்டுகளின் மறுமலர்ச்சி பற்றிய வாக்குவாதத்தை ஒரு மதுச்சாலையிலேயே நிகழ்த்துகின்றார். அதில் வரும் ‘குடிமகன்’ என்னும் பாத்திரத்துக்கு மாதிரியாக அமைந்தவர் மைக்கேல் கியூசாக். 1884ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி, ரிப்பரேரி மாவட்டத்துத் தேர்ள்ஸ் நகரில், விடுதியொன்றில் கூடிய சிலருடன் சேர்ந்து கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவரே.

இளைஞன் முதலில் நுழைந்தது தன் அறைக்கு அண்மையிலிருந்த மதுச்சாலை. வாயிலிலே மூவிலைப் பசும்புல்லின் சின்னம். உள்ளே சுவரில் பழைய ஹேர்லிங் மட்டையொன்று ஆணியில் அறையப்பட்டிருந்தது. கறுத்த ஸ்ரவுட் பியரும் தாராளமாகக் கிடைத்தது. ஆயின் நான்கு திரைகளிலும் ஆங்கில உதைபந்தாட்டமே ஓடிற்று. லிவர்பூலும் மான்செஸ்ரர் யுனைற்றெட்டும் ஆடிக்கொண்டிருந்தன. நான்கு மணிக்கு மான்செஸ்ரர் சிற்றியை எதிர்த்து ஆர்சனல் ஆடவிருந்தது. ஆர்சனல் வடலண்டனின் கழகம். அதன் அன்பர்கள் அப்பொழுதே இருக்கைகளைப் பிடித்துவிட்டனர். மதுச்சாலைக்காரர் பண்பாகவே பதிலளித்தார். கேலிக் ஆட்டத்துக்கு வேறாகச் சந்தா செலுத்தவேண்டும் என்றும், கோடையில் சில ஞாயிறுகளுக்காக அதைச் செலுத்தினால் கட்டுபடியாகாது என்றும் கூறினார். அவர் கூறியதிலே பிழையில்லை. சுவரில் அறையப்பட்ட மட்டைக்குச் சந்தா இல்லை. ஆகவே அது அங்கே இருந்தது.

ஐரிஷ் என்ற பெயர் உலகெங்கும் விலைபோகின்றது. 1990கள் தொடக்கம் பழைய மரப் பலகைகள், கண்ணாடிகள், போத்தல்கள் என அலங்காரம் முழுவதும் ஆயத்தமாக அனுப்பப்பட்டு, பல நாட்டு நகரங்களில் ஐரிஷ் மதுச்சாலைகள் எழுந்தன. அங்கு செல்வோருட் பலர் ஐரிஷ்காரர் அல்லர். அவர்கள் விரும்புவதைத் திரை காட்டுகின்றது. பெயர்ப்பலகை ஒருவருக்கு, திரை இன்னொருவருக்கு என்றாகிவிட்டது.

இவ்விடத்தில் வரலாற்றின் முரணொன்றையும் மறைத்தல் நேர்மையாகாது. கேலிக் விளையாட்டுச் சங்கம் தானும் ஒருகாலத்தில் பிறர் ஆட்டங்களுக்குக் கதவடைத்தது. உதைபந்தாட்டம், றக்பி, கிரிக்கெற், ஹொக்கி ஆகியவற்றை ஆடுவதும், ஏன், பார்ப்பதும்கூட அதன் அங்கத்தவர்க்கு விலக்கப்பட்டிருந்தன. அயர்லாந்தின் முதல் ஜனாதிபதியும் ஐரிஷ் மொழி மறுமலர்ச்சியின் முன்னோடியுமான டக்ளஸ் ஹைட், 1938இல் சர்வதேச உதைபந்தாட்டப் போட்டியொன்றைக் காணச் சென்றமைக்காகச் சங்கத்தின் காப்பாளர் பதவியினின்றும் நீக்கப்பட்டார். 1971இலேயே அத்தடை அகற்றப்பட்டது. அக்கடுமைக்குக் காரணமான காயமும் சிறியதன்று. 1920ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் திகதி குறோக் பார்க் மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது அரசபடையினர் சுட்டதில் 14 பேர் மாண்டனர். ரிப்பரேரி அணி வீரர் மைக்கேல் ஹோகனும் அவர்களுள் ஒருவர். அதே மைதானம் 2007இல் இங்கிலாந்து றக்பி அணியை வரவேற்று விளையாடச் செய்தது. தாயகத்தில் கதவு திறந்தாயிற்று. அந்நிய நகரத்து மதுச்சாலையிலோ, அடைபட்ட கதவின் வெளியே நிற்பவன் கேலிக் ஆட்டத்தின் அன்பனாக இருக்கின்றான்.

இரண்டாவது மதுச்சாலை சற்று இரங்கிற்று. கழிப்பறைக்குச் செல்லும் வழியில், மூலையிலிருந்த சிறு திரையில் வேண்டுமானால் போட்டுத் தரலாம் என்றனர். ஆனால் ஒலி கிடையாது. ஒலி பெரிய திரைக்கு உரியது. இளைஞன் ஒருகணம் அத்திரையின் கீழே நின்று பார்த்தான். அணிகள் மைதானத்துள் வருமுன்னரே அவன் மனம் ஒப்பவில்லை. ஊமையாக ஓடும் படத்தில் ஊர்க்காரரைப் பார்ப்பது, கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் உறவினரைப் பார்ப்பது போன்றது. நன்றி கூறி வெளியேறினான்.

ஒலியின் அருமையை அயர்லாந்து மக்கள் முன்னரே அறிந்தவர்கள். 1926ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி, கில்கெனிக்கும் கோல்வேக்கும் இடையிலான ஹேர்லிங் ஆட்டம் வானொலியில் நேர்முகமாக வருணிக்கப்பட்டது. ஐரோப்பாவில் மைதான விளையாட்டொன்று இவ்வாறு ஒலிபரப்பானது அதுவே முதற்றடவை எனக் கூறுவர். 1947இல் கவன், கெரி அணிகளின் இறுதிப் போட்டி நியூயோர்க் நகரத்து போலோ கிறவுண்ட்ஸ் மைதானத்தில் நடந்தது. அன்று தாயகத்தவரே தொலைவிலிருந்தனர். வானொலிப் பெட்டி உள்ள வீடுகளைத் தேடிச் சென்று முற்றங்களில் கூடினர். ஆட்டம் முடியுமுன்னரே, ஒதுக்கப்பட்ட தொடர்புநேரம் முடிவுற இருந்தது. வருணனையாளர் மைக்கேல் ஓ’ஹெஹிர் வருணனையின் இடையிலேயே இன்னும் ஐந்து நிமிடம் தருமாறு இரந்து கேட்டார். இணைப்பு அறுக்கப்படவில்லை. கவன் வென்ற செய்தி முற்றங்களை எட்டியது.

திரையைப் பொறுத்தவரையும் இரந்தும் முயன்றும் பெற்ற வரலாறே உண்டு. 1990ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் அயர்லாந்து நெதர்லாந்தைச் சந்தித்த ஆட்டத்தை லண்டனில் நேரடியாகக் காண வழியின்றிப் போகவே, ஐரிஷ் இளைஞர் இருவர் மண்டபமொன்றை அமர்த்தி, ஒளிபரப்பை வருவித்துக் காட்டினர். அதிலிருந்து எழுந்ததே செற்றான்ரா நிறுவனம். மட்டையும் பந்துமாய்த் திரிந்த புராண வீரன் கூ ஹுலின் என்பானின் பிள்ளைப்பருவப் பெயர் அது. பிறநாட்டு மதுச்சாலைகளுக்குக் கேலிக் ஆட்டங்களைக் கொண்டுசென்ற அந்நிறுவனத்தின் பிரித்தானியக் கிளை 2009இல் வீழ்ந்தது. ஒரு நிறுவனம் வீழ, எங்கோ ஒரு மூலையில் ஒருவனின் ஞாயிறு இருண்டுபோவதை எந்தக் கணக்கேடும் பதிவதில்லை.

மூன்று மணி கடந்துவிட்டது. இளைஞன் வடக்கே கிறிக்கிள்வுட் நோக்கி விரைந்தான். ஒரு தலைமுறைக்கு முன்னர், அவ்வீதியோரத்தில் ஐரிஷ் கூலியாட்கள் விடியற்காலையில் வரிசையாக நின்று, ஆட்சேர்க்கும் வான்களை எதிர்பார்த்திருப்பர். அவர்கள் கட்டிய வீதிகளிலேதான் அவன் ஓடினான். அலங்காரமற்ற மதுச்சாலையொன்றின் யன்னற் கண்ணாடியில், பேனையால் எழுதி ஒட்டிய கடதாசித்துண்டு தென்பட்டது. இரு மாவட்டங்களின் பெயர்கள், 3.30 என்ற நேரம். வேறொன்றும் இல்லை.

வாயிலில் முதியவர் ஒருவர் நின்றார். எழுபது வயதிருக்கும். இளைஞனின் திறந்த மேற்சட்டைக்குள் தெரிந்த நிறங்களைக் கண்டார்.

“எந்த ஊர், தம்பி?”

மாவட்டத்தை நிறங்களே சொல்லிவிட்டன. அவர் கேட்டது கோயிற்பற்றின் பெயரை. இளைஞன் கூறினான். முதியவர் சற்றே யோசித்து, அங்குள்ள பாலத்தடிக் கடையின் பெயரைச் சொல்லி, அது இப்பொழுதும் இருக்கின்றதா என வினவினார்.

“இல்லை ஐயா, மூடிவிட்டார்கள். கட்டடம் மட்டும் நிற்கின்றது.”

“நிற்கின்றதா? நல்லது. உள்ளே வா.”

உள்ளே மேயோக்காரரும் டொனிகோல்காரரும் கலந்தே இருந்தனர். ஆட்டத்தின் விதியை எவரும் எவருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஒலி முழுமையாகத் திறந்துவிடப்பட்டிருந்தது. முதற் கால்மணி நேரத்துக்குள் டொனிகோல் இரண்டு கோல்களைப் போட்டுவிட்டது. மேயோவினர் தளராது துரத்தினர், எட்டவில்லை. டொனிகோல் 2 கோல், 11 புள்ளி. மேயோ 13 புள்ளி. நான்கு புள்ளி வித்தியாசத்தில் இன்னுமோர் ஆண்டு போயிற்று. டொனிகோல் பெண்ணொருத்தி அழுதாள். 1992க்குப் பின்னர் அவள் மாவட்டம் பெறும் முதல் வெற்றி. முதியவர் எழுந்து அவளுக்குக் கைகொடுத்தார். பின்னர் இளைஞனின் அருகே வந்தமர்ந்தார்.

“1951இல் எனக்கு ஒன்பது வயது. அயல்வீட்டு றேடியோவில் கேட்டேன். நாங்கள் வென்றது எனக்குத் தெரியும்” என்றார்.

அச்சொற்களில் பெருமிதத்தைவிடச் சாட்சியம் கூறுபவனின் பொறுப்பே மிகுந்திருந்தது. வென்ற செய்தியைக் காதாரக் கேட்டவர்கள் அருகி வருகின்றனர். அதனை இளையவன் ஒருவனிடம் ஒப்படைக்கவேண்டியிருந்தது. அறையிலே தனித்திருந்து ஆட்டத்தைப் பார்த்திருந்தால், இளைஞனுக்குப் புள்ளிகள் கிடைத்திருக்கும். இது கிடைத்திராது.

அதன் பின்னர் காலம் மாறிற்று. 2014இல் சங்கமும் அயர்லாந்தின் தேசிய ஒளிபரப்பு நிறுவனமும் இணைந்து, வெளிநாட்டில் வாழ்வோர்க்கு இணையவழியாக ஆட்டங்களை வழங்கத் தொடங்கின. 2025இல் அச்சேவையைச் சங்கமே முழுமையாகப் பொறுப்பேற்றது. 2022 முதல் இறுதிப் போட்டிகளும் செப்டெம்பரிலிருந்து யூலைக்கு வந்துவிட்டன. ஆங்கிலக் கழகங்கள் ஓய்ந்திருக்கும் மாதம் அது. சிட்னியில் இருப்பவன் நள்ளிரவுக்குப் பின்னர் திறந்திருக்கும் மதுச்சாலையைத் தேடவேண்டியதில்லை. கட்டிலிற் கிடந்தபடியே கைத்தொலைபேசியில் காணலாம். இது நன்மையே. நோயாளிக்கும், குழந்தையைப் பராமரிக்கும் தாய்க்கும், ஐரிஷ்காரர் எவருமற்ற பட்டினத்தில் வாழ்பவனுக்கும் அது பேருதவி. ஆனால் தேடவேண்டிய அவசியம் நீங்கியபோதுதான், தேடியது எதனை என்பது தெளிவாயிற்று. கையிலுள்ள திரை ஆட்டத்தைத் தரும். வாயிலில் நின்று ஊரை விசாரிக்காது.

மேயோ 2013, 2016, 2017, 2020, 2021 ஆகிய ஆண்டுகளிலும் இறுதிப் போட்டிக்கு வந்து தோற்றது. 2025 முடியும்வரை கிண்ணம் கிட்டவில்லை. கிறிக்கிள்வுட்டின் அந்த மதுச்சாலை மூடப்பட்டு மேல்தளங்கள் வீடுகளாயின. இளைஞன் இப்பொழுது இளைஞனல்லன். கைத்தொலைபேசியில் சந்தாவும் உண்டு. ஆயினும் ஆட்டமுள்ள ஞாயிறுகளில் ஒருமணி நேரம் முன்னதாகவே புறப்பட்டு, யன்னற் கண்ணாடிகளில் கையெழுத்துக் கடதாசி ஏதும் ஒட்டியுள்ளதா எனப் பார்த்தவாறு வீதிநெடுக நடக்கின்றான்.

முதியவரை அவன் மீண்டும் காணவில்லை. விசாரிக்கவும் வழியில்லை. அன்று மாலை முழுதும் அருகருகே இருந்தும், ஒருவர் பெயரை மற்றவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஊர் மட்டுமே தெரியும்.