தோற்ற காலும் வென்ற அணியும்

கச்சான் வீசும் மாலையிலே கல்லடிப் பாலத்தில் நின்று பார்ப்பவர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். தனித்து வரும் துவிச்சக்கரவண்டிக்காரர் தலை குனிந்து, மூச்சு வாங்க மிதிக்கிறார். அவர் முதுகின் மறைவிலே வருபவரோ இலேசாக வருகிறார். வாவிக்கரையில் நாம் சிறு வயதிற் கற்ற இப்பாடமே உலகப் பெரும் பந்தயங்களுக்கும் உயிர்நாடியாகும்.

சித்திரை வருடப்பிறப்புப் போட்டியிலே நம் மருமகன் விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டான். ஒரு மாதமாகப் படலையைத் தாண்டவில்லை. வண்டி தாழ்வாரத்திற் சாத்திக் கிடந்தது. "ஓட ஏலாதெண்டால் எனக்கு இனி என்ன மாமா கிடக்கு?" என்றான். அவனுக்கு நாம் சொன்ன கதை இது.

பிரான்ஸ் தேசத்து வீரர் சிரில் கிமார், 1972ஆம் ஆண்டின் தூர் டி பிரான்ஸ் பந்தயத்திலே, இணையற்ற எடி மெர்க்சை எதிர்த்து நின்றார். நான்கு நாட் பந்தயங்களை வென்றார். ரெவார் மலையிலே, வென்றுவிட்டோமென மெர்க்ஸ் கையுயர்த்திய கணத்தில் அவரை மயிரிழையில் முந்தினார். எனினும் முழங்கால் நோய் முற்றிற்று. பாரிசை எட்டச் சில நாட்களே இருக்கையில், இரண்டாமிடத்தில் இருந்தபடியே விலகினார். அவர் அணிந்திருந்த பச்சைச் சட்டை மெர்க்சைச் சேர்ந்தது. மெர்க்சோ பாரிசிலே அதனைக் கிமாரிடமே கையளித்தார்.

1976இல், 29ஆவது வயதில், கிமார் ஓர் அணியின் நெறியாளரானார். மிதிவண்டி போய், பின்தொடரும் மோட்டார் வண்டியே அவர் இருக்கையாயிற்று. அவ்வாண்டே பிரெனீஸ் மலையிலே, தயங்கிய லூசியன் வான் இம்ப்பை உடனே முந்திப் பாயும்படி பணித்தார். வான் இம்ப் அன்றைய நாளையும் முழுப் பந்தயத்தையும் வென்றார். பின்னர் பெர்னார் இனோ 1978, 1979, 1981, 1982 ஆகிய ஆண்டுகளிலும், லோரான் பின்யோன் 1983, 1984ஆம் ஆண்டுகளிலும் கிமாரின் நெறியிலே வாகை சூடினர். தாம் ஒருமுறையேனும் வெல்லாத பந்தயத்தைப் பிறரைக் கொண்டு ஏழு முறை வென்றார். எந்த ஏற்றத்திற் கால் சோரும், எக்கணத்தில் மனம் தளரும் என்பதை நொந்த உடம்பைவிட நன்கு கற்பிக்கும் ஆசான் உண்டோ?

முழங்கால் நொந்தவரெல்லாம் கிமார் ஆவர் என்று நாம் அவனுக்குப் பொய்யுரைக்கவில்லை. அவனும் மறுமொழி கூறவில்லை.

அடுத்த ஞாயிறு காலையிலே, வீதியில் அயல்வீட்டுச் சிறுவர் வண்டி மிதிக்கும் ஆரவாரம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். மருமகன் படலைக்கு வெளியே, ஒற்றைக் காலில் பாரம் தாங்கி நின்றுகொண்டிருந்தான். "காற்றுக்கு நேரே போகாதே! அவன்ட முதுகுக்குப் பின்னால வா!" என்று கூவினான்.

முழங்கால் இன்னும் முற்றாக ஆறவில்லை, முகம் ஆறியிருந்தது.